குளமா, குடுவையா, குழாயா? கழிவுநீர்த் துறையில் முதல் வேலை

போன மாதம் கோயில் அன்னதானத்தில், சுங்கை பாகாப்பிலிருந்து வந்த ஒரு தங்கச்சி பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். உயிர்த்தொழில்நுட்பத்தில் பட்டம் முடித்து மூன்று மாதம் ஆகிறதாம். கையில் இரண்டு வாய்ப்பு, மூன்றாவதுக்கு மனு போட்டிருக்கிறாள். ஒன்று பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு. இன்னொன்று செம்பனை ஆலையில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனு போட்டிருப்பது நகரக் கழிவுநீர் நிலையத்துக்கு. "எது அண்ணே நல்லது?" என்றாள். சாம்பார் வருவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மோர் வந்தும் முடியவில்லை.

இந்த வருஷம் இதைக் கேட்ட நான்காவது ஆள் அவள். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியம் இல்லை. ஊரை ஒட்டியே யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள். கடற்கரைப் பக்கம் புலாவ் பூரோங் குப்பைமேடு; 2022 ஜனவரியில் அது தீப்பிடித்துப் புகைந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கே பத்து காவான் தொழிற்பேட்டை. கழிவுநீர் படித்தவனுக்கு இதைவிட வேலை நிறைந்த ஊர் கிடைக்காது.

என்னைப் பற்றி ஒரு வரி. மூன்று வருஷம் ஆலைக் குளக்கரையில் இருந்தேன். அப்புறம் இரண்டு வருஷம் முதுகலை ஆய்வு. இப்போது சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். நகரக் கழிவுநீர் நிலையங்களுக்கு ஒப்பந்த வேலையாகப் போய் வந்திருக்கிறேனே தவிர, அங்கே சம்பளம் வாங்கியதில்லை. அந்தப் பகுதியை அதற்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

"எதிர்காலம் இருக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றுக்கும் இருக்கிறது, மனிதன் சாப்பிடும் வரை கழிவுநீரும் இருக்கும். அதனால் அந்தக் கேள்வி எதையும் பிரித்துக் காட்டாது. நான் பார்ப்பது வேறு நான்கு.

முதலாவது, வீடு எத்தனை மாதம் பொறுக்கும்? பிடிபிடிஎன் படிப்புக் கடன், தம்பி தங்கையின் படிப்பு, தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுத் தவணை எல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இரண்டாவது, கையெழுத்து. இதைப் பட்டம் வாங்கும்வரை நமக்கு யாரும் சொல்வதில்லை. இந்தத் துறையில் உங்கள் மதிப்பு, எந்தக் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்பதில்தான் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்க, பொறியாளர் வாரியத்தில் பதிந்த நிபுணத்துவப் பொறியாளர் வேண்டும். அறிவியல் பட்டத்தை வைத்து அங்கே பதிய முடியாது. ஆய்வகச் சோதனை அறிக்கை என்றால் 1975ஆம் ஆண்டின் வேதியியலாளர் சட்டம் குறுக்கே நிற்கும். உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு 2015 சட்டத்தின் கீழ் வந்த தொழில்நுட்பவியலாளர் வாரியம் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் இன்னும் பல முதலாளிகளுக்கு அதன் பெயரே தெரியாது. மிச்சம் இருப்பது ஒரு வழி. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம், கழிவுநீர் நிலையத்தை நடத்தத் தகுதிச் சான்று பெற்ற ஆள் இருக்க வேண்டும் என்கிறது. வேலை இடத்தில் 'கொம்பிட்டன்ட் பெர்சன்' என்பார்கள். சான்றிதழ் தருவது சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகமான எய்மாஸ். வகுப்பும் தேர்வும் மட்டும் போதாது. ஒரு நிலையத்தில் நீங்களே செய்த வேலையை அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நினைவில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாவது, இருட்டிய பிறகு எங்கே இருப்பீர்கள்? நான்காவது, ஒன்றில் நுழைந்துவிட்டு இன்னொன்றுக்கு மாற வழி இருக்கிறதா?

ஐந்தாவது என்று ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன்: சொந்தக்காரர் பேச்சு. என் பாட்டி, லயத்துக் கோடியில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்து மனுஷி. கழிவுநீர் வேலை என்றதும் அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வாளியைத் தூக்கியவர்களும் நம் ஆட்கள்தான். அதனால் பெரியவர்கள் முகம் சுளித்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணப் பேச்சில் பலர் 'சுற்றுச்சூழல் அதிகாரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

## குடுவை: பல்கலைக்கழக ஆய்வு

ஆய்வு என்றால் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்வது என்று வீட்டில் நினைக்கிறார்கள். பாதி நாள் குழாய் மாட்டுவதிலும் பம்ப் சரிபார்ப்பதிலும் போகும். மிச்சப் பாதியில் சேற்றிலிருந்து டிஎன்ஏ பிரிப்பது, அமோனியா அளப்பது, எக்செல்.

ஆனால் கேள்விகள் அருமையானவை. பக்கத்தில் இருக்கும் புலாவ் பூரோங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்எம் ஆய்வாளர்கள் பல வருஷமாக அதன் கசிவுநீரில் வேலை செய்கிறார்கள். பழைய குப்பையில் நுண்ணுயிர் தின்னக்கூடியது எல்லாம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. சிஓடி (வேதியியல் முறையில் அளக்கும் மொத்த அழுக்கு) ஏராளமாக இருக்கும், பிஓடி (அதில் நுண்ணுயிர் தின்னக்கூடிய பங்கு) கொஞ்சம்தான், அமோனியா மட்டும் குறையாது. சாப்பாடு இல்லாத வீட்டில் பாக்டீரியாவை எப்படிக் குடிவைப்பது? இதற்கு முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை.

ஆக்சிஜன் இல்லாமலே அமோனியாவைச் சிதைக்கும் அனாமொக்ஸ் பாக்டீரியாவின் கதையும் இந்த வகைதான். ஆக்சிஜன் இல்லாமல் அமோனியாவை எந்த நுண்ணுயிராலும் சிதைக்க முடியாது என்றுதான் நடைமுறையில் எல்லோரும் நம்பினார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஈஸ்ட் தயாரித்த ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கலனில் அமோனியா காணாமல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கில் ஒத்துப்போகவில்லை. அதை விடாமல் துருவியவர்கள் 1995இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க அந்த பாக்டீரியாவை வைத்து நிலையங்கள் ஓடுகின்றன. கவனித்தீர்களா, அது முதலில் கண்ணில் பட்டது ஒரு தொழிற்சாலையின் கழிவுநீரில்.

சரி, மறைந்திருக்கும் செலவு. உதவித்தொகை பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து வரும். மானியம் முடியும் நாளும் உங்கள் ஆய்வு முடியும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உதவித்தொகை சம்பளம் ஆகாது. அதனால் பெரும்பாலும் இபிஎப் (ஊழியர் சேமநிதி) கிடையாது, சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) கிடையாது. 2500 ரிங்கிட் சம்பளத்துக்கு முதலாளி போடும் 13 விழுக்காடு மாதம் 325 ரிங்கிட். முதுகலை, முனைவர் பட்டம் என்று ஐந்து வருஷம் போனால், முதலாளி பங்கு மட்டும் 19,500 ரிங்கிட் உங்கள் கணக்கில் விழாமல் போகிறது. வட்டியை நான் சேர்க்கவில்லை.

நுண்ணுயிர் உங்கள் கால அட்டவணையைப் பார்க்காது என்பது இன்னொரு செலவு. அனாமொக்ஸ் பாக்டீரியா இரட்டிப்பாக ஒன்றரை வாரம் போல ஆகும். என்னுடைய கலன் தீபாவளி விடுமுறையில் காய்ந்துபோனது. ஒரு சின்ன ரப்பர்க் குழாய் கழன்றிருந்தது, அவ்வளவுதான். நான்கு மாதம் வளர்த்த சேறு, கறுத்த பொருக்காகக் கிடந்தது. அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த வழி யாருக்கு? வீடு இரண்டு மூன்று வருஷம் தாங்கும் என்றால், உதவித்தொகை முழுக் காலத்துக்கும் எழுத்தில் உறுதியாகி இருந்தால், விரிவுரையாளராக வேண்டும் என்று நிஜமாகவே ஆசை இருந்தால். முனைவர் பட்டம் இல்லாமல் விரிவுரையாளர் வேலைக்கு மனுப் போடுவதே கஷ்டம். பட்டம் இருந்தாலும் இடங்கள் குறைவு. 'வேலை கிடைக்கவில்லை, அதனால் மாஸ்டர்ஸ்' என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில், வயது கூடி நிற்பார்கள்.

## குளம்: செம்பனை ஆலை

நான் இருந்த இடம் என்பதால் இங்கே கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

ஆலைக் கழிவுநீரைப் 'போம்' என்பார்கள். ஸ்டெரிலைசரில் குலை வேகும் நீரும், எண்ணெயைத் தெளிய வைக்கும்போது ஒதுங்கும் சேறும்தான் அதில் பெரும்பகுதி. வெளியே வரும்போது 80 டிகிரிக்கு மேல் சூடு, புளித்த பழுப்புக் கஞ்சி மாதிரி இருக்கும். பிஓடி லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். இந்த எண் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 1000 டன் குலை அரைக்கும் ஆலையில் 650 கன மீட்டர் அளவுக்குக் கழிவு வரும். அதிலுள்ள பிஓடி 16 டன்னைத் தாண்டும். மலேசிய வடிவமைப்பு விதிப்படி ஒரு மனிதனுக்கு நாளுக்கு 56 கிராம் பிஓடி. அப்படியானால் தோட்டத்து நடுவில் இருக்கும் ஒரே ஓர் ஆலை, ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் வாழும் நகரத்தின் கழிவைச் சுமக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள இருப்பது நீங்களும் இரண்டு குளத்து ஆட்களும்.

1977இல் போட்ட விதி படிப்படியாக இறுகி, 1984 முதல் ஆற்றில் விடும் நீரில் பிஓடி 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று நின்றது. சில இடங்களில் 20 வரை இறக்கிவிட்டார்கள். இங்கே பிஓடி சோதனை 30 டிகிரியில் மூன்று நாள். வெளிநாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரியில் ஐந்து நாள் என்று இருக்கும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். 2014 முதல் புதிய ஆலைகள், கழிவு அழுகும்போது கிளம்பும் எரிவாயுவைப் பிடித்தே ஆக வேண்டும். ஒரு கன மீட்டர் போம் 28 கன மீட்டர் எரிவாயு வரை தரும், அதில் பெரும்பகுதி மீத்தேன். எரிவாயு நிலையம் உள்ள ஆலையாகப் பார்த்துச் சேருங்கள். கற்றுக்கொள்வது இரண்டு மடங்கு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உச்சக் காய்ப்பு மாதம், ஆலை இரவு பகலாக ஓடுகிறது. கழிவை ஆறவைக்கும் முதல் குளத்தில் சேறு நிரம்பிக் கிடந்தது; தூர்வாரக் கேட்டால் அடுத்த பட்ஜெட் என்றார்கள். சூடான கழிவு நேராகக் காற்றில்லாக் குளத்துக்குள் இறங்கியது. அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா அவசரக்குடுக்கைகள். அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் நிதானமானவை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்துக்கொண்டிருக்கும் வரைதான் குளம் குளமாக இருக்கும். பத்து நாளில் பிஎச் 6க்குக் கீழே போய்விட்டது. குமிழி வருவது நின்றது. வாடை லயம் வரை வந்தது. மேனேஜர் ஒரு விற்பனையாளரிடம் பாக்கெட் பாக்டீரியா வாங்கிக் கொட்டச் சொன்னார். கொட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், வரும் கழிவைப் பாதியாகக் குறைத்து, நன்றாக இருந்த இன்னொரு குளத்திலிருந்து லாரியில் சேறு அள்ளி வந்து ஊற்றி, ஏழு வாரத்தில் மீட்டோம். நான்கு வருஷம் வகுப்பில் படித்ததைவிட அந்த ஏழு வாரத்தில் படித்தது அதிகம். முதுகலைக்கு நேர்முகம் போனபோது அந்தக் குளத்தைப் பற்றித்தான் பேசினேன்.

மறைந்திருக்கும் செலவும் உண்டு. காய்ப்பு மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. சம்பளம் பார்க்க நன்றாகத் தெரியும், ஆனால் மோட்டார் சைக்கிள், டயர், செம்மண் பாதை என்று கொஞ்சம் கரையும். பெண்களுக்கு இன்னும் கஷ்டம். குளக்கரையிலிருந்து கழிவறைக்குக் கால்மணி நேரம் நடக்க வேண்டிய ஆலைகள் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, அறிக்கையில் இருக்கும் உங்கள் பெயர். எண் சரியாக வராத மாதத்தில் 'இன்னொரு தடவை சாம்பிள் எடு' என்பார்கள். எது வரும்வரை என்று சொல்ல மாட்டார்கள். 2024இல் சட்டத்தைத் திருத்திய பிறகு சில குற்றங்களுக்கு அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகிறது. எடுத்த சாம்பிள் ஒவ்வொன்றையும் தேதி போட்டுச் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு உடனே பணம் வேண்டும் என்றால் இதுதான். அந்தத் தகுதிச் சான்றிதழும் இங்கே இருந்தால்தான் சுலபமாக முடியும், ஏனென்றால் அறிக்கை எழுத உங்களுக்குச் சொந்தமாக ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் நாலு வருஷத்துக்கு மேல் ஒரே குளக்கரையில் நிற்காதீர்கள். அதன்பிறகு புதிதாகக் கற்க அதிகம் இருக்காது.

## குழாய்: நகரக் கழிவுநீர்

தீபகற்பத்தின் பெரும்பகுதியில் இது இண்டா வாட்டர் நிறுவனம்தான். 1994இல் தொடங்கியது, 2000 முதல் நிதியமைச்சின் கையில். 7000க்கு மேற்பட்ட நிலையங்களைப் பார்த்துக்கொள்கிறது. அதில் தாமானுக்குப் பின்னால் வேலிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியும் உண்டு, கோலாலம்பூரில் பந்தாய் 2 மாதிரி, மேலே பூங்காவும் கீழே நிலத்தடியில் 14 லட்சம் பேருக்கான நிலையமுமாக இருப்பதும் உண்டு. உங்கள் மாமா மூக்கைப் பொத்தினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள்.

உள்ளே நடப்பது 1914இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் காட்டிய முறைதான்: காற்றை ஊது, சேற்றைக் கொட்டிவிடாதே, திரும்ப உள்ளே விடு. 2009 விதிகளில் அமோனியாவுக்கும் வரம்பு வந்தபிறகு நுண்ணுயிர் தெரிந்த ஆளுக்கு மரியாதை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் தினசரி வேலை பெரும்பாலும் பம்ப், காற்று ஊதும் புளோவர், மின்கட்டணம், தாமான்வாசிகளின் புகார். உயிரியல் பேச ஆள் தேட வேண்டும்.

நல்லது என்னவென்றால், நேரம் ஒழுங்காக இருக்கும், இபிஎப் உண்டு, ஊர் மாற்றம் கேட்கலாம். கெட்டது, உயர்பதவிகளில் பொறியியல் பட்டத்துக்குத்தான் முதல் இடம் என்று எனக்குப் படுகிறது. அப்புறம் ஆபத்து. ஆள்குழிக்குள் இறங்குவதற்குத் தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்று படித்திருப்பீர்கள். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. வாடை நின்றுவிட்டது என்று நிம்மதியாக இறங்குபவன் திரும்பி வரமாட்டான். காற்றை அளக்கும் கருவி இல்லாமல் 'சும்மா எட்டிப் பார்' என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

வயதான பெற்றோரை விட்டு நகர முடியாதவர்கள், ஷிப்ட் ஒத்துவராதவர்கள், வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக மேலே படிக்க நினைப்பவர்கள், இவர்களுக்கு இது.

பத்து காவான் தொழிற்சாலைகளிலும் கழிவுநீர்ப் பிரிவு உண்டு. ஆனால் அங்கே பல இடங்களில் அமிலம், காரம், உலோகம் படியவைத்தல் என்று வேதியியல்தான் வேலை. நுண்ணுயிருக்காகப் படித்தவர் சம்பளத்துக்காகப் போகலாம், மனசுக்காக இல்லை. சிங்கப்பூரைப் பற்றியும் கேட்கிறார்கள்: கழிவுநீரை மறுபடி சுத்தமான நீராக்கும் நியூவாட்டரை 2003 முதல் நடத்தும் ஊர், கற்க நிறைய இருக்கிறது. கையில் இரண்டு வருஷ அனுபவம் இல்லாமல் மனுப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | குடுவை | குளம் | குழாய் |
|---|---|---|---|
| பணம் எப்போது | மானியம் வந்தால் | முதல் மாதமே | ஆள் எடுக்கும் காலம் வரை காத்திருந்து |
| இபிஎப் | பெரும்பாலும் இல்லை | உண்டு | உண்டு |
| கையெழுத்து | ஆய்வேடும் கட்டுரையும் | தகுதிச் சான்று, விரைவில் | தகுதிச் சான்று, கொஞ்சம் தாமதமாக |
| இரவு | கலனுக்குப் பக்கத்தில் | காய்ப்பு மாதங்களில் குளக்கரை | பெரும்பாலும் வீட்டில் |
| எதிர்பாராமல் அடிப்பது | மானியம் முடிவது, கலன் சாவது | அறிக்கையில் உங்கள் பெயர் | ஆள்குழி, மெதுவான பதவி உயர்வு |
| மாறும் வழி | ஆலைக்குப் போனால் புதியவராகவே தொடங்கணும் | மூன்று பக்கமும் திறந்திருக்கும் | ஆய்வுக்குப் போகலாம், நேரம் பிடிக்கும் |

கடைசி வரிசைதான் என் முடிவுக்குக் காரணம். குளத்திலிருந்து குடுவைக்குப் போகிறவன் கையில் ஒரு கேள்வியோடு போகிறான். பேராசிரியர் தலைப்புக் கொடுக்கும்வரை அவன் காத்திருப்பதில்லை. எந்த ஆலையில் சாம்பிள் எடுக்கலாம், யாரிடம் கேட்கணும் என்பதும் அவனுக்குத் தெரியும். குடுவையிலிருந்து குளத்துக்கு வருகிறவனோ, இரண்டு வருஷம் கழித்தும் அந்தச் சான்றிதழுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே இரண்டு வருஷம் குளம், சான்றிதழ், பிறகு விருப்பம் இருந்தால் ஆய்வு. முழு உதவித்தொகை எழுத்தில் கிடைத்துவிட்டதா? அப்போது மட்டும் வரிசையை மாற்றுங்கள். அந்த மாதிரி வாய்ப்பு இரண்டு வருஷம் உங்களுக்காகக் காத்திருக்காது.

ஆய்வுக்குப் போகிறவர்கள் மேற்பார்வையாளரைச் சந்திக்கும்போது தலைப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். மானியம் எந்த மாதம் முடிகிறது, போன மூன்று மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், விடுமுறையில் கலனை யார் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள். முடிந்தால் ஆய்வகத்தில் இருக்கும் மாணவரைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். மேற்பார்வையாளர் சொல்லாததை அவர் சொல்வார்.

சுங்கை பாகாப் தங்கச்சிக்கு வந்த உதவித்தொகை பத்து மாதத்துக்குத்தான் உறுதி. அப்பா ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தம்பி நான்காம் படிவம். ஆலை வேலையை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு இரவு வேலைதான் கவலை. காய்ப்பு மாதங்களில் அப்பாவே மோட்டாரில் கூட்டிப்போய் விடுவதாகப் பேச்சு. நேற்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தாள்: திங்கட்கிழமை வேலைக்குப் போகணும், நம்பர் 4 அளவில் ரப்பர் பூட்ஸ் நிபோங் திபாலில் ஒரு கடையிலும் இல்லையாம், பட்டர்வொர்த்தில் எங்கே கிடைக்கும் அண்ணே?